பொது நாட்குறிப்பும் தனிக் குறிப்பேடும்: அலுவலகக் கூட்டுப்பணி மென்பொருள்களின் கதை

அலுவலகம் ஒன்றுக்குப் புதிய மென்பொருள் வந்து சேரும்போது ஏறக்குறைய ஒரே விதமான காரியங்களே எங்கும் நடைபெறுகின்றன. தலைமைப் பீடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். அரை நாள் பயிற்சி வகுப்பு நடைபெறும். தேநீரும் பணிஸும் வழங்கப்படும். 'இனிமேல் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் எழுதுவோம். ஒருவர் அறிந்ததை எல்லோரும் அறிவோம்' என்று முகாமையாளர் உரையாற்றுவார். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தால், அந்தப் பொது இடத்தில் விடுமுறைத் தினங்களின் பட்டியலும் முகாமையாளரின் வரவேற்புச் செய்தியும் மாத்திரமே எஞ்சியிருக்கும். பெறுமதியான தகவல்கள் எல்லாம் முன்னர் இருந்த இடத்திலேயே, அதாவது அவரவர் மேசை லாச்சியிலும் அவரவர் தலையிலும், பத்திரமாக இருக்கும்.

இது இன்று நேற்றுத் தோன்றிய காட்சியல்ல. அலுவலகத்தில் பணியாற்றுவோர் தமது அறிவை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்துவதற்கென உருவாக்கப்பட்ட மென்பொருள்களின் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. வெவ்வேறு காலங்களில் அவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் சூட்டப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் 'குரூப்வெயார்' என்ற சொல் பிறந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சமூக மென்பொருள்' என்றார்கள். பெயர்கள் மாறினாலும், அவை வெற்றி பெற்ற இடங்களிலும் தோல்வியடைந்த இடங்களிலும் ஒரே காரணமே திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அந்தக் காரணம் கணனிக்கு வெளியே இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் கூற விழைவது.

தொண்ணூறு நிமிடங்கள்

1968 டிசெம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கணனி மாநாடு ஒன்றில் சுமார் ஆயிரம் நிபுணர்கள் கூடியிருந்தனர். ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஏங்கல்பார்ட் மேடையில் ஒரு கதிரையில் அமர்ந்து, தலையில் ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டு, தொண்ணூறு நிமிடங்கள் செயல்விளக்கம் நடத்தினார். இன்று நாம் 'மவுஸ்' என்று அழைக்கும் கருவி கணனி உலகுக்குப் பரவலாக அறிமுகமானது அன்றுதான். ஆனால், அன்றைய நிகழ்வின் சாரம் மவுஸ் அல்ல. சுமார் முப்பது மைல் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளர் ஒருவரும் ஏங்கல்பார்ட்டும் தத்தமது திரையில் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் பார்த்துப் பணியாற்றினர். அந்தச் சக ஆய்வாளரின் முகம் திரையின் மூலையில் தெரிந்தது. குரலும் கேட்டது. கணனி என்றால் கணக்குப் பார்க்கும் பெரிய அலுமாரி என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது என்பதை வாசகர்கள் மனதிற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் ராடார் தொழில்நுட்பவியலாளராகப் பிலிப்பைன்ஸில் பணியாற்றியவர் ஏங்கல்பார்ட். மனித குலம் எதிர்நோக்கும் பிரச்சினைகள் தனியொருவரின் மூளைக்குள் அடங்காத அளவுக்குச் சிக்கலாகி வருகின்றன. ஆகவே, மனிதர்கள் கூட்டாகச் சிந்திக்கக்கூடிய வல்லமையை வளர்ப்பதற்குக் கணனியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவரது வாழ்நாள் கொள்கை. 1962இல் எழுதிய நீண்ட அறிக்கையிலேயே அவர் இதனை விளக்கியிருந்தார். 1970இலிருந்து அவரது ஆய்வுகூடத்தில் எழுதப்பட்ட குறிப்புகளுக்கு நிரந்தர இலக்கம் வழங்கப்பட்டு, அவை பின்னர் மாற்றமுடியாதவாறு பொதுக் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டன. யார், எப்போது, எதைச் சொன்னார் என்பதை எவரும் பின்னர் தேடி அறியக்கூடியதாக இருந்தது.

எனினும், அவரது முறைமை பரவவில்லை. அதைக் கையாள்வதற்கு நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. கற்பதற்குக் கடினமாக இருப்பதில் தவறில்லை, பயன் பெரிதானால் மனிதர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏங்கல்பார்ட்டின் நிலைப்பாடு. அவருடன் பணியாற்றியவர்களில் சிலர் 1970களில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்குச் சென்றனர். அங்கு உருவாகிய சிந்தனை வேறுவிதமானது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கணனி என்பதே அதன் மையம். உலகம் அந்த வழியிலேயே சென்றது. கூட்டாகச் சிந்திப்பதற்கென ஒருவர் கண்ட கனவிலிருந்து மவுஸை மாத்திரம் எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசைகளுக்கு நாம் போய்ச் சேர்ந்தோம்.

பல்கலைக்கழகத்திலிருந்து அலுவலகத்துக்கு

கூட்டுப்பணியின் இன்னொரு வேர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மாணவர்களுக்குக் கணனி வாயிலாகப் பாடம் புகட்டுவதற்காக 1960இல் அங்கு ஆரம்பிக்கப்பட்ட 'பிளேட்டோ' என்ற திட்டத்தில், பல முனையங்கள் ஒரே மையக் கணனியுடன் இணைக்கப்பட்டிருந்தன. முறைமையில் காணும் குறைகளைத் தெரிவிப்பதற்கு ஒரு பொதுக் கோப்பு திறந்து விடப்பட்டிருந்தது. அதில் எவரும் எழுதலாம். எவரும் பிறர் எழுதியதை அழித்தும் விடலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு 1973இல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது இளைஞர் 'நோட்ஸ்' என்ற சிறிய நிரலை எழுதினார். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க முடியாது. அதன் கீழே பதில் எழுதலாம். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பது தானாகவே பதிவாகும். இன்றைய உரையாடற் களங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் வடிவம் அங்கே அப்போதே இருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பிளேட்டோவில் ஊறிப்போன மாணவர்களில் ஒருவர் ரே ஒஸி. கல்வி முடித்து வெளியே வந்த அவருக்கு, தான் மாணவனாக இருந்தபோது அனுபவித்த வசதி அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில்கூட இல்லை என்பது வியப்பளித்தது. லோட்டஸ் நிறுவனத்தின் நிதி உதவியுடன் 1984இல் அவர் ஐரிஸ் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தை ஆரம்பித்தார். ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1989 டிசெம்பரில், 'லோட்டஸ் நோட்ஸ்' விற்பனைக்கு வந்தது. வெவ்வேறு நகரங்களிலுள்ள கிளைகளில் ஒரே தரவுத்தளத்தின் பிரதிகள் வைக்கப்பட்டிருக்கும். தொலைபேசி இணைப்புக் கிடைக்கும் வேளைகளில் அந்தப் பிரதிகள் தம்மைத் தாமே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும். இணைய வசதி அலுவலகங்களை எட்டாத அக்காலத்தில் இது பெரும் சாதனையாகும்.

பிரைஸ் வோட்டர்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற கணக்காய்வு நிறுவனம் 10,000 பிரதிகளுக்கான உரிமங்களை வாங்கியது. ஏனைய பெரிய நிறுவனங்களும் தொடர்ந்தன. 1995இல் ஐ.பி.எம். நிறுவனம் சுமார் 350 கோடி டொலர் கொடுத்து லோட்டஸ் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. அந்த விலைக்கு முக்கிய காரணம் நோட்ஸ் என்பது அன்று எல்லோரும் அறிந்த விடயம்.

ஆலோசகர்கள் ஏன் எழுதவில்லை?

இங்குதான் கதை சுவாரசியமாகிறது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த வண்டா ஒர்லிகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், நோட்ஸைப் பெருமளவில் வாங்கியிருந்த பெரிய ஆலோசனைச் சேவை நிறுவனம் ஒன்றுக்குள் சென்று, அங்கு நடப்பதை நேரடியாக அவதானித்தார். நிறுவனத்தின் உண்மைப் பெயரை மறைத்து 'ஆல்பா' என்ற புனைபெயரில் 1992இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆல்பாவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் நோட்ஸின் வல்லமையில் உண்மையான நம்பிக்கை கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான ஆலோசகர்கள் உலகெங்கும் பரந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்காகக் கண்டறிந்த தீர்வை இன்னொரு நகரிலுள்ளவர் எடுத்துப் பயன்படுத்தினால் நிறுவனம் பெரும் பயனடையும். தர்க்கம் பிழையற்றது. மென்பொருள் விரைவாகக் கணனிகளில் நிறுவப்பட்டது. ஆனால், ஆலோசகர்களில் பலருக்கு அது எதற்கானது என்பதே விளங்கவில்லை. சிலர் அதை இன்னொரு மின்னஞ்சல் என்று எண்ணினர்.

விளங்கியவர்களும் எழுதவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆல்பாவில் ஆலோசகர் ஒருவர் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் எழுதப்பட வேண்டும். நோட்ஸைக் கற்பதற்கும் அதில் எழுதுவதற்கும் செலவாகும் நேரத்தை எந்த வாடிக்கையாளரின் கணக்கில் எழுதுவது? இரண்டாவது, அங்கு நிலவியது மேலே ஏறு அல்லது வெளியே போ என்ற முறை. குறித்த காலத்துக்குள் பதவியுயர்வு பெறாதவர் விலக வேண்டும். பதவியுயர்வு பெறுவதற்கு, மற்றவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். அந்த 'ஏதோ ஒன்றை' பக்கத்து மேசைப் போட்டியாளர் படிக்கக்கூடிய இடத்தில் எழுதி வைக்கும்படியே நோட்ஸ் கேட்டது. மூன்றாவது, எழுதிய தகவல் தவறாக இருந்தாலோ, வாடிக்கையாளரின் இரகசியம் வெளியானாலோ யார் பொறுப்பு என்பதற்குத் தெளிவான விதி எதுவும் இருக்கவில்லை. உச்சிப் பதவியை ஏற்கெனவே அடைந்து, போட்டியிலிருந்து விடுபட்டிருந்த மூத்தவர்களிடம் பகிர்வதற்கான விருப்பம் ஓரளவு காணப்பட்டது. ஏணியின் நடுவில் நின்றவர்களே மௌனம் காத்தனர்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1988இல், ஜொனதன் குரூடின் என்ற ஆய்வாளர் இதே பிரச்சினையை இன்னொரு கோணத்தில் எடுத்துக்காட்டியிருந்தார். அலுவலகத்துக்கான பொது நாட்காட்டி மென்பொருளை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். கூட்டம் ஒன்றைக் கூட்ட விரும்பும் முகாமையாளருக்கு அது பெரிய வசதி. ஒரு விசையை அழுத்தினால் எல்லோருக்கும் பொருத்தமான நேரம் தெரிந்துவிடும். ஆனால், அது தெரிவதற்கு ஊழியர்கள் ஒவ்வொருவரும் தமது நாட்காட்டியை நாள்தோறும் நிரப்பி வைத்திருக்க வேண்டும். உழைப்பு ஒருவருடையது, பயன் இன்னொருவருடையது. இத்தகைய கருவி தோற்பதில் வியப்பில்லை என்பது குரூடினின் முடிவு.

நோட்ஸ் எங்குமே வெற்றி பெறவில்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. அதே ஒர்லிகோவ்ஸ்கி 1996இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். அதில் 'ஸீட்டா' என்று அவர் பெயரிட்ட மென்பொருள் நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் தொலைபேசி முறைப்பாடுகளுக்குப் பதிலளிக்கும் பிரிவினர் நோட்ஸை அடிப்படையாகக் கொண்ட பதிவு முறைமையைப் பயன்படுத்தினர். ஒவ்வொரு அழைப்பும், அதனைத் தீர்க்க எடுக்கப்பட்ட ஒவ்வொரு படியும் அதில் பதிவாகியது. அங்கே எல்லோரும் எழுதினார்கள். எல்லோரும் தேடிப் படித்தார்கள். ஏனெனில், நேற்று மற்றவர் எழுதிய தீர்வு இன்று தனது அழைப்புக்கு விடையாக அமைவதை ஒவ்வொருவரும் கண்கூடாகக் கண்டனர். அதைவிட முக்கியமாக, முகாமையாளர்கள் ஊழியர்களை மதிப்பிடும் முறையை மாற்றியமைத்தனர். பிரச்சினையைத் தீர்த்தாரா என்பதுடன், தீர்த்த விதத்தை ஒழுங்காக எழுதினாரா என்பதும் மதிப்பீட்டில் இடம்பிடித்தது. அனுபவம் குறைந்தவர்களுக்கு உதவுவது மூத்தவர்களின் கடமைகளில் ஒன்றாக வகுக்கப்பட்டது.

ஆல்பாவும் ஸீட்டாவும் பயன்படுத்தியது ஒரே மென்பொருள். ஒன்றில் அது தூசி படிந்தது. மற்றதில் அது நாளாந்த வேலையின் முதுகெலும்பாகியது. ஸீட்டாவின் கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. தாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் மேலதிகாரி படிக்கிறார் என்பதை ஊழியர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, எதை எப்படி எழுதினால் தமக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று எண்ணியே எழுதப் பழகினர். பகிரும் இடம் கண்காணிக்கும் இடமாகவும் இருக்கிறது.

எமது மேசைகளில் கண்டது

கணனி எமது பத்திரிகை அலுவலகங்களுக்குள் வருவதற்கு முன்னரே இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே கூரையின் கீழ் கண்டிருக்கிறேன். செய்தி ஆசிரியரின் மேசையில் பெரிய நாட்குறிப்பேடு ஒன்று இருக்கும். இன்று எந்த வழக்கு, எந்தக் கூட்டம், எந்த ஊடக மாநாடு, யார் போகிறார் என்பன அதில் எழுதப்படும். யாரும் வற்புறுத்தாமலே செய்தியாளர்கள் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதில் எழுதுவார்கள். காரணம் எளிது. அதில் எழுதியவருக்குத்தான் வாகனமும் புகைப்படப்பிடிப்பாளரும் ஒதுக்கப்படும்.

அதே செய்தியாளரின் சட்டைப் பையில் இன்னொரு சிறிய குறிப்பேடு இருக்கும். அமைச்சுச் செயலாளர் முதல் பொலிஸ் நிலையத்தின் கீழ்நிலை உத்தியோகத்தர் வரை, பல ஆண்டுகள் பழகிச் சேர்த்த தொலைபேசி இலக்கங்கள் அதில் இருக்கும். அதனை எவரும் பொது மேசையில் வைத்ததில்லை. அவர் வேறு பத்திரிகைக்குச் சென்றால் குறிப்பேடும் அவருடனேயே சென்றுவிடும். அந்த இலக்கங்கள்தான் அவரது மூலதனம்.

இதைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடவும் முடியாது. போர் நடந்த ஆண்டுகளில் எமது நாட்டுச் செய்தியாளர்களுக்குத் தகவல் தந்தவர்கள் பலர் உயிராபத்தின் மத்தியிலேயே தந்தனர். அத்தகைய ஒருவரின் பெயரையும் இலக்கத்தையும் பலர் புரட்டக்கூடிய பதிவேடு ஒன்றில் எழுதி வைப்பது அவரது உயிருடன் விளையாடுவதற்குச் சமம். குறிப்பேட்டைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தவர் தனது பிழைப்பைக் காத்தார். சில வேளைகளில் இன்னொருவரின் உயிரையும் காத்தார். பகிர மறுப்பவரை நோக்கி 'ஏன் மறுக்கிறாய்?' என்று கேட்பதற்கு முன்னர், அவருக்கு நியாயமான அச்சம் ஏதும் உண்டா என்று பார்ப்பது அவசியம். இந்த அச்சம் எவ்வளவு பெரிய இடங்களிலும் செயற்படுகிறது என்பதற்கு அடுத்து வரும் கதை சான்று.

உளவுத்துறையின் பொதுப் பலகை

1995 மார்ச் 25ஆம் திகதி வோர்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தக்கூடிய இணையத்தளம் ஒன்றை ஆரம்பித்தார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரை அதற்குச் சூட்டினார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. 2001இல் அதே முறையைப் பின்பற்றி விக்கிப்பீடியா பிறந்தது. அலுவலகங்களும் இந்த முறையை உள்ளே கொண்டுவரத் தொடங்கின. ஹார்வர்ட் வர்த்தகக் கல்லூரியைச் சேர்ந்த அன்ட்ரூ மெகாபி 2006இல் இந்தப் போக்குக்கு 'என்ரப்பிரைஸ் 2.0' என்று பெயரிட்டார்.

இதே காலத்தில், எவரும் எதிர்பாராத ஓரிடம் இந்தக் கருவியைக் கையில் எடுத்தது. அது அமெரிக்க உளவுத்துறை. அதற்கொரு துயரமான பின்னணி இருந்தது. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல் கைதா உறுப்பினர்கள் நடத்திய சந்திப்பொன்றை சீ.ஐ.ஏ. அறிந்திருந்தது. அங்கு சென்றவர்களில் காலித் அல் மிதார், நவாப் அல் ஹஸ்மி ஆகிய இருவர் பின்னர் அமெரிக்காவுக்குள் நுழைந்து அங்கேயே வசித்தனர். அவர்களது பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2001 ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியில்தான். மூன்று வாரங்கள்கூடக் கழியாத நிலையில், செப்டெம்பர் 11ஆம் திகதி, பென்டகன் மீது மோதிய விமானத்தில் அவ்விருவரும் இருந்தனர். அன்றைய தாக்குதல்களில் ஏறக்குறைய 3,000 பேர் உயிரிழந்தனர்.

2004இல் வெளியான விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை இதற்கான காரணங்களை விரிவாக ஆராய்ந்தது. 'அறிய வேண்டியவர் மாத்திரம் அறிதல்' என்ற பழைய விதியின் இடத்தில் 'பகிர வேண்டும்' என்ற விதி வரவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தகவலைத் தவறாகப் பகிர்ந்தவருக்குத் தண்டனை உண்டு. பகிர்ந்தவருக்கு வெகுமதி சொற்பம். பகிராமல் விட்டவருக்குத் தண்டனையே இல்லை என்றும் அது சுட்டிக்காட்டியது. ஆல்பாவின் ஆலோசகர்கள் எதிர்நோக்கிய அதே கணக்குத்தான் இங்கும் இருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை மாத்திரம் வேறு.

சீ.ஐ.ஏ. அதிகாரியான கெல்வின் அன்ட்ரஸ், விக்கியும் வலைப்பதிவும் உளவுத்துறைக்கு எவ்வாறு உதவும் என்று ஒரு கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். அதன் வழியில் 2006இல் 'இன்டெலிபீடியா' உருவாகியது. அமெரிக்காவின் பதினாறு உளவு அமைப்புகளும் பயன்படுத்தக்கூடியதாக, இரகசியத்தின் தரத்துக்கேற்ப மூன்று வெவ்வேறு வலையமைப்புகளில் அது இயங்கியது. விக்கிப்பீடியாவைப் போலன்றி, பெயர் மறைத்து எழுத அங்கு இடமில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருவர் பெயர் உண்டு. சீ.ஐ.ஏ.யைச் சேர்ந்த ஷோன் டெனஹி, டொன் பேர்க் என்ற இருவர் அமைப்பு அமைப்பாகச் சென்று, இதில் எழுதுமாறு சக அதிகாரிகளை வேண்டிக்கொண்டனர். பக்கங்களைத் தோட்டம் போன்று கொத்திப் பராமரித்தவர்களுக்குச் சிறிய பிளாஸ்டிக் மண்வெட்டி ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. நகைச்சுவையாகத் தோன்றினாலும், பகிர்ந்தவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்ற உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆயினும், மண்வெட்டியால் பதவியுயர்வு வராது. ஜனாதிபதியின் மேசைக்கும் அமைச்சர்களின் மேசைக்கும் செல்லும் இறுதி அறிக்கைகள், அந்தந்த அமைப்பின் முத்திரையுடன், அந்தந்த அமைப்பின் மேலதிகாரிகளது ஒப்புதலுடன், பழைய வழியிலேயே தொடர்ந்து சென்றன. பொதுப் பக்கத்தில் எழுதுவது அந்த வேலைக்கு மேலதிகமான வேலையாகவே இருந்தது. பிற்காலத்தில் இத்திட்டத்தின் ஆதரவாளர்களே இந்தக் குறையை வெளிப்படையாகப் பேசினர்.

கசிவும் பின்வாங்கலும்

பகிர்வதில் உள்ள அச்சம் வெறும் கற்பனையல்ல என்பதை 2010ஆம் ஆண்டு காட்டியது. ஈராக்கில் பணியாற்றிய இளநிலை இராணுவப் பகுப்பாய்வாளர் ஒருவர், இரகசிய வலையமைப்பில் தமக்கு இருந்த அனுமதியைக் கொண்டு, அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான தந்திகளைப் பிரதி செய்து விக்கிலீக்ஸுக்கு வழங்கினார். செப்டெம்பர் 11இன் பின்னர் அமைப்புகளுக்கிடையிலான மதில்கள் தாழ்த்தப்பட்டிருந்ததாலேயே தூதரகங்களின் தந்திகள் பாலைவன முகாமொன்றிலிருந்த படைவீரரின் திரையை எட்டின. கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அனுப்பிய தந்திகளும் அவற்றில் அடங்கியிருந்தன. போரின் இறுதிக் கட்டம் குறித்தும் பொறுப்புக்கூறல் குறித்தும் தூதுவர் எழுதியவற்றை எமது பத்திரிகைகள் முன்பக்கத்தில் வெளியிட்டன. உலகம் அறிந்திருக்க வேண்டிய பல விடயங்கள் அதனால் வெளிவந்தன என்பதை ஒரு பத்திரிகையாளனாக நான் மறுக்க மாட்டேன். அதே வேளை, தூதரக அதிகாரிகளிடம் நம்பிப் பேசிய சிலரது பெயர்களும் வெளிவந்தன என்பதையும் மறைக்க முடியாது. முன்னர் கூறிய சட்டைப் பைக் குறிப்பேட்டின் நியாயம் இதுதான்.

இராஜாங்கத் திணைக்களம் தனது தந்திக் களஞ்சியத்துக்கும் அந்த இராணுவ வலையமைப்புக்கும் இடையிலான தொடர்பை உடனடியாகத் துண்டித்தது. ஒன்பது ஆண்டுகளாகத் திறந்து வந்த கதவுகளில் ஒன்று சில நாட்களில் மூடிக்கொண்டது.

வேறு வழியின்றி வந்த மாற்றம்

அதற்குப் பின்னரான கதை வாசகர்களில் பலரும் தமது அலுவலகத்தில் கண்டதே. 2012இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'யம்மர்' என்ற அலுவலகச் சமூக வலைத்தளத்தை 120 கோடி டொலருக்கு வாங்கியது. கைவிடப்பட்ட கணனி விளையாட்டு ஒன்றை உருவாக்கியவர்கள், தமக்குள் பேசிக்கொள்வதற்கென அமைத்திருந்த கருவியை 2013இல் 'ஸ்லாக்' என்ற பெயரில் வெளியிட்டனர். 2017இல் மைக்ரோசொப்டின் 'டீம்ஸ்' வந்தது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்று உலகின் அலுவலகங்களைப் பூட்டியபோது, பயிற்சி வகுப்பும் இல்லாமல் பணிஸும் இல்லாமல் கோடிக்கணக்கானோர் இக்கருவிகளுக்குள் வந்தனர். 2019 நவம்பரில் 2 கோடியாக இருந்த டீம்ஸின் நாளாந்தப் பயனாளர் தொகை 2020 ஏப்ரலில் 7.5 கோடியாக உயர்ந்ததாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. நாற்பது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளால் செய்ய முடியாததை ஒரு கிருமி சில வாரங்களில் செய்து முடித்தது.

ஆனால், பயன்படுத்துவது வேறு, பகிர்வது வேறு. கூட்டத்துக்குத் திரையில் தோன்றுவோரின் தொகை கூடியது உண்மை. முக்கியமான விடயங்களைப் பொதுக் களத்தில் எழுதாமல், நம்பிக்கையான இருவர் மூவர் தமக்குள் வைத்திருக்கும் தனிக் குழுக்களில் பேசிக்கொள்ளும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. சட்டைப் பைக் குறிப்பேடு இப்போது கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது.

லோட்டஸ் நோட்ஸுக்கு என்ன நடந்தது என்று சிலர் கேட்கக்கூடும். 2018 டிசெம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் நோட்ஸையும் வேறு சில மென்பொருள்களையும் 180 கோடி டொலருக்கு எச்.சி.எல். டெக்னோலஜீஸ் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. 2019 நடுப்பகுதியில் விற்பனை நிறைவுற்றது. திருச்செந்தூருக்கு அருகிலுள்ள மூலைப்பொழி என்ற தமிழ்க் கிராமத்தில் பிறந்த சிவ் நாடார் தோற்றுவித்த குழுமத்தின் அங்கம் அது. இலினோயில் ஒரு பதினேழு வயது இளைஞர் எழுதிய நிரலின் பெயரையும் வடிவத்தையும் சுமந்து வந்த மென்பொருள், ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் வேளையில் இந்திய நிறுவனமொன்றின் பராமரிப்பில் வந்து சேர்ந்தது.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து அலுவலகத் தலைவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை சிலவே. புதிய கருவியை வாங்குவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதில் எழுதும் உழைப்பு யாருடையது? எழுதியவருக்கு, அவரது வருடாந்த மதிப்பீட்டில், என்ன கிடைக்கும்? எழுதியது தவறானாலோ வெளியே கசிந்தாலோ, அவரைக் காப்பாற்றப் போவது யார்? ஆல்பாவில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கவில்லை. ஸீட்டாவில் முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. உளவுத்துறையில் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமையால், பாடுபட்டுத் திறந்த கதவுகளில் சில மீண்டும் மூடப்பட்டன.

2013 ஜூலையில் தமது 88ஆவது வயதில் காலமான ஏங்கல்பார்ட், மனிதர்களின் பழக்கவழக்கங்கள், அமைப்பு முறைகள், பயிற்சி என்பன ஒருபுறமும் கருவிகள் மறுபுறமுமாக இரண்டும் ஒன்றாகவே வளர வேண்டும் என்று இறுதிவரை வலியுறுத்தி வந்தார். கருவிகள் அவர் கற்பனை செய்ததையும் மிஞ்சி வளர்ந்துவிட்டன. மற்றப் பாதியை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்கித் தர முடியாது. அதை ஒவ்வோர் அலுவலகமும் தனது சம்பளப் பட்டியலிலும், பதவியுயர்வு விதிகளிலும், தவறு செய்தவரை நடத்தும் விதத்திலும் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.